சோளப் பாம்பும் அதன் நிறப் பேதங்களும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் முன்னோர் மொழி. புங்குடுதீவிற் பிறந்தோர்க்கு அம்மொழியின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. பனங்கூடலிலும் பற்றையிலும் நாகமும் புடையனும் சுருட்டையும் உறையும் மண் அது. இருள் சூழ்ந்தபின் படலையைத் திறப்போர் அரிக்கன் லாம்பைத் தாழ்த்திப் பிடித்து, காலடி வைக்கும் இடத்தை நோக்கி நடந்த காலத்தை நாம் அறிவோம். அதே ஊரவர், விடிந்ததும் குறிகட்டுவானிற் படகேறி நயினாதீவு சென்று, நாகபூஷணி அம்மன் சந்நிதியிற் கைகூப்பி நிற்பர். அச்சமும் பத்தியும் ஆகிய இரண்டுமன்றி, மனிதனுக்கும் பாம்புக்கும் மூன்றாவதோர் உறவு இருத்தல் கூடும் என்பதை இளமையில் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ரொறன்ரோ நகரில் வாழும் பழைய மாணவ நண்பர் ஒருவரின் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கியிருந்தோம். அவருடைய பேரன் தன் அறையில் இரண்டு பாம்புகளை வளர்த்து வந்தான். ஒன்று செம்பொன் நிறமுடையது. முதுகிலே கருங்கரையிட்ட செந்நிறப் படைகள் வரிசையாய் அமைந்திருந்தன. மற்றையது வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த மேனியும் சிவந்த கண்களும் உடையது. இரண்டும் ஒரே தாயின் முட்டைகள் என்றும், தாயும் தகப்பனும் சாதாரண நிறத்தனவே என்றும் அவன் கூறினான். அறை வாயிலில் நின்று, உள்ளே வர அஞ்சிய அவனுடைய அப்பம்மா, "அப்ப இந்த வெள்ளை எங்கையிருந்து வந்தது?" என்று வினவினார். பேரன் ஒரு தாளை எடுத்து, நான்கு கட்டம் வரைந்து, மறைந்து வரும் குறிகளின் கணக்கைத் தன்னால் இயன்ற தமிழில் விளக்கினான். அம்மூதாட்டியார் நெடுநேரம் அக்கட்டங்களைப் பார்த்திருந்துவிட்டு, எம்மை நோக்கி, "அப்ப, அந்தப் பெடியன்ரை தாயிலை பிழை ஒண்டும் இல்லையே?" என்றார்.

அவர் யாரைக் கருதினார் என்பது எமக்கு உடனே விளங்கிற்று. அதனைப் பின்னர்க் கூறுவோம். பாம்பொன்றின் நிறம் எங்ஙனம் அமைகின்றது, அந்நிறம் எங்ஙனம் மறைந்தும் வெளிப்பட்டும் தலைமுறை கடக்கின்றது என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும். அவ்வறிவின்றி அம்மூதாட்டியாரின் வினாவுக்கு விடை கூறல் இயலாது.

பாம்பின் இயல்பு

சோளப் பாம்பு ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்கிழக்குப் பகுதிக்கு உரியது. புளோரிடா, ஜோர்ஜியா, கரோலைனா முதலிய மாநிலங்களின் பைன் மரக் காடுகளிலும் வயலோரங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் வாழ்வது. சுவீடன் தேசத்துப் பேரறிஞர் லினேயசு 1766-இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். சோளக் களஞ்சியங்களில் எலி தேடி வந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர் ஒரு சாரார். வயிற்றுப் புறத்திற் கருமையும் வெண்மையும் மாறி மாறிக் கட்டமிட்டாற்போல் அமைந்த கோலம், பல நிற மணிகளையுடைய சோளக் கதிரை ஒத்திருத்தலால் வந்த பெயர் என்பர் மற்றொரு சாரார். நன்கு வளர்ந்த பாம்பு மூன்றடி முதல் ஐந்தடி வரை நீளும். இதற்கு விடம் இல்லை. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். மனிதர் கையில் விரைவிற் பழகுவது. வளர்ப்பில் இருபது ஆண்டு அளவும் உயிர் வாழ வல்லது.

நம் வேலியோரத்துச் சாரையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்ததே. அக்குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பாம்பும் இலங்கையில் உண்டு. கழுத்திற் கருங்கோடுகளும் முதுகிற் கட்டங்களும் உடையதாய், எலி தின்று வாழும் விடமற்ற பாம்பு அது. 'எலாபே' என்னும் ஒரே சாதியில் அதுவும் சோளப் பாம்பும் நெடுங்காலம் வைத்து எண்ணப்பட்டன. பிற்காலத்து ஆய்வாளரே அவற்றைத் தனித்தனிச் சாதிகளாகப் பிரித்தனர். ஆதலின் சோளப் பாம்பு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

வளர்க்கும் முறை

மேனாடுகளில் இதனைக் கண்ணாடித் தொட்டியிலோ மூடியுள்ள பெட்டியிலோ வைத்து வளர்ப்பர். மூடி இறுக்கமாக இருத்தல் முதல் விதி. விரலளவு இடைவெளி இருப்பினும் பாம்பு வெளியேறிவிடும். தரையிற் காகிதமோ, மணமில்லாத மரச் சீவலோ பரப்புவர். ஒளிந்திருக்க ஒரு மறைவிடமும், உடல் முழுவதும் அமிழத்தக்க நீர்க்கலமும் வேண்டும். பாம்பு தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்க மாட்டாது. எனவே, பெட்டியின் ஒரு பக்கத்தை 28 முதல் 30 பாகை வரை சூடாகவும், மறு பக்கத்தை அதனினும் ஐந்தாறு பாகை தணிவாகவும் வைத்து, பாம்பு தனக்கு ஏற்ற இடத்தைத் தானே தேர்ந்துகொள்ள விடுவர்.

உணவு எலியே. குஞ்சுக்கு மயிர் முளையாத எலிக்குஞ்சு ஒன்றை ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒரு முறை கொடுப்பர். முதிர்ந்த பாம்புக்கு வளர்ந்த எலி ஒன்றைப் பத்து அல்லது பதினான்கு நாட்களுக்கு ஒரு முறை கொடுத்தாற் போதும். உயிருள்ள எலி பாம்பைக் கடித்துப் புண்படுத்தும் ஆதலின், கொன்று குளிரில் உறைய வைத்ததை இளக்கிக் கொடுப்பதே வழக்கம். உண்டபின் இரண்டு நாட்கள் பாம்பைக் கையிலெடுத்தல் ஆகாது. எடுத்தால் இரையைக் கக்கிவிடும். தோல் உரிக்குமுன் கண்கள் நீலம் பாய்ந்து மங்கும். அப்போது அதற்குப் பார்வை குறைவாதலின், தொந்தரவு செய்யாதிருத்தல் வேண்டும்.

நிறம் அமையும் வகை

சாயத் தொழிலாளி சில கிண்ணச் சாயங்களைக் கொண்டே பல கோலங்களை ஆக்குதல் போல, சோளப் பாம்பின் தோலும் சில நிறப்பொருள்களைக் கொண்டே தன் அழகனைத்தையும் பெறுகின்றது. கருமையும் கபிலமும் தருவது மெலனின் என்னும் பொருள். செம்மையும் மஞ்சளும் தருவன வேறு பொருள்கள். மஞ்சளில் ஒரு பகுதி உண்ணும் உணவின் வழியாக வந்து சேர்வது. இவையன்றி, ஒளியைத் திருப்பி வீசும் நுண்பளிங்குகளைக் கொண்ட கலங்களும் தோலில் உண்டு.

இவற்றுள் மெலனின் மட்டும் இல்லாதொழியின் என்னாகும்? படைகளின் கருங்கரை வெண்கரையாகும். மேனி செம்மையும் செம்மஞ்சளுமாய்த் துலங்கும். கண் சிவந்து தோன்றும். இதனைக் கருமையிலி என்போம். வளர்ப்போர் 'அமெல்' எனச் சுருக்கி அழைப்பர். செம்மை மட்டும் இல்லாதொழியின் பாம்பு சாம்பலும் கருமையுமாய்த் தோன்றும். இது செம்மையிலி, வளர்ப்போர் வழக்கில் 'அனெரி'. வயது ஏற ஏற இதன் கழுத்திலே சிறிது மஞ்சள் படர்வதுண்டு. கருமை, செம்மை ஆகிய இரண்டும் ஒருங்கே இல்லாதொழிந்த பாம்பே நாம் ரொறன்ரோவிற் கண்ட வெண்பாம்பு. அதனைப் 'பனி' என்னும் பொருள்பட 'சினோ' என்று அழைப்பர்.

இங்கு வாசகர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இந்நிறங்களுள் ஒன்றேனும் வளர்ப்போன் படைத்ததன்று. ஒவ்வொன்றும் ஒரு பொருளின் இன்மையால் விளைந்தது. புதிதாக ஒன்று சேர்ந்தமையால் வெண்பாம்பு தோன்றவில்லை. இருந்த இரண்டு நீங்கியமையாலேயே தோன்றிற்று.

மறைந்து வரும் குறி

அவ்வின்மை எங்ஙனம் தலைமுறை கடக்கின்றது? ஒவ்வோர் உயிரும் தன் உடலின் ஒவ்வோர் இயல்புக்கும் உரிய பரம்பரையலகுகளை இரட்டையாகப் பெற்றுள்ளது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஒன்றையே கொடுக்கும். இந்நியதியைக் கிரகோர் மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளிற் கண்டு 1866-இல் வெளியிட்டார். உலகம் அதனை உணர 1900 ஆம் ஆண்டு வரை சென்றது.

நம் தீவின் அனுபவத்தைக் கொண்டே இதனை விளக்கலாம். ஒரு வளவில் இரண்டு கிணறுகள் உள்ளன என்று கொள்க. ஒன்று உவர்ப்பட்டுப் போயினும் மற்றையது நன்னீர் தருமாயின், அவ்வீட்டார்க்குக் குடிநீர்த் தட்டுப்பாடு இல்லை. படலைக்கு வெளியே செல்வோர்க்கு அங்கு ஓர் உவர்க்கிணறு இருப்பதே தெரியாது. இரண்டும் உவர்ப்பட்டால்தான் குறை வெளிப்படும். மெலனின் ஆக்கும் பரம்பரையலகும் அத்தகையதே. இரண்டில் ஒன்று பழுதுபட்டிருப்பினும் மற்றையது வேண்டிய அளவு கருமையை ஆக்கிவிடும். இத்தகைய பழுதையே 'பின்னிடைவான' இயல்பு என்று பாடநூல்கள் கூறும். பழுதான அலகொன்றை மறைவாய்ச் சுமக்கும் பாம்பைக் கண்ணாற் கண்டு பிரித்தறிதல் இயலாது.

இதனைப் பாம்பில் மெய்ப்பித்தவர் ஜோர்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த தோல்நோய் வைத்தியர் பேர்னாட் பெக்ரல் என்பவர். 1953-இல் வட கரோலைனாவிற் கருமையிலியான ஆண் சோளப் பாம்பொன்று பிடிபட்டது. அதனைச் சாதாரண நிறமுள்ள பெண் பாம்போடு சேர்த்தபோது பிறந்த குஞ்சுகள் யாவும் சாதாரண நிறத்தனவாகவே இருந்தன. கருமையின்மை அற்றுப்போயிற்று என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அடுத்த தலைமுறையில் அது மீண்டும் தோன்றிற்று. 1961-இல் வளர்ப்பிற் பிறந்த முதற் கருமையிலிக் குஞ்சுகள் முட்டையினின்று வெளிவந்தன. பெக்ரலும் அவர் மனைவியாரும் இம்மரபு வழியை 1962-இல் ஆய்வுச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டனர். இன்று வீடுகளில் வளரும் எண்ணிறந்த நிறப் பேதங்களுக்கு அச்சிறு தொடக்கமே வழி திறந்தது.

கணக்கு

மறைவாய்ச் சுமக்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்தால், நான்கில் ஒரு பங்கு குஞ்சுகள் இரு நல்ல அலகுகளையும் பெறும். நான்கில் இரண்டு பங்கு ஒரு நல்லதும் ஒரு பழுதும் பெறும். நான்கில் ஒரு பங்கு இரு பழுதுகளையும் பெற்றுக் கருமையிலியாகும். ஆகவே கண்ணுக்குத் தோன்றுவது மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம். சாதாரணமாய்த் தோன்றும் அம்மூன்றிலும் இரண்டு பழுதைச் சுமப்பன. இதுபற்றியே வளர்ப்போர் அத்தகைய குஞ்சை விற்கும்போது 'நூற்றுக்கு 66 வாய்ப்பு' என்று குறித்து விற்பர்.

கருமையிலி ஒன்றையும் செம்மையிலி ஒன்றையும் சேர்ப்பின், குஞ்சுகள் எந்நிறத்தனவாகும்? எவரும் வெண்பாம்பை எதிர்பார்ப்பர். ஆயின் பிறப்பன யாவும் காட்டிலுள்ள சாதாரண நிறத்தனவே. காரணம் எளிது. கருமையிலி செம்மைக்கு உரிய நல்ல அலகைக் கொடுக்கின்றது. செம்மையிலி கருமைக்கு உரிய நல்ல அலகைக் கொடுக்கின்றது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கின்றது. அக்குஞ்சுகளைத் தம்முட் சேர்த்தால், அடுத்த தலைமுறையிற் பதினாறுக்கு ஒன்பது சாதாரணம், மூன்று கருமையிலி, மூன்று செம்மையிலி, ஒன்று வெண்பாம்பு என்னும் விகிதம் வரும். இது சராசரியே என்பதை மறத்தலாகாது. பதினாறு முட்டைகளை வைத்துக் காத்திருப்போனுக்கும் ஒரு வெண்பாம்பேனும் கிடையாதொழியும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் உண்டு.

நிறம் போலவே கோலமும் பரம்பரையலகின் வழிப்பட்டது. முதுகின் படைகள் ஒன்றோடொன்று இணைந்து சங்கிலி போலாதலும், முற்றாய் நீங்கி நீண்ட கோடுகளாதலும் உண்டு. இவ்விரண்டும் ஒரே அலகின் இரு வேறு விகாரங்கள்.

இனம் பெருக்கல்

பெண் பாம்புக்கு மூன்று வயதும், மூன்றடி நீளமும், முந்நூறு கிராம் நிறையும் நிரம்பிய பின்னரே இனம் பெருக்க விடுதல் தக்கது என்பது வளர்ப்போர் வழிவழிக் கொண்ட விதி. மாரிக்காலத்தில் உணவு நிறுத்தி, இரண்டு மூன்று மாதம் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து, வசந்த காலத்தில் ஆணோடு சேர்ப்பர். ஒரு மாதம் அல்லது அதற்குச் சற்று மேலான காலத்தில், பெண் பாம்பு ஒரு முறை தோலுரித்தபின், பத்து முதல் முப்பது வரை முட்டைகள் இடும். முட்டையின் ஓடு கோழி முட்டையினது போல் வன்மையானதன்று; பதப்படுத்திய தோல் போல் மென்மையானது. ஈரமான பரப்பில் வைத்து, 28 பாகை அளவில் வெப்பத்தைக் காத்தால், ஏறத்தாழ இரண்டு மாதத்திற் குஞ்சுகள் வெளிவரும்.

கோழி அடைவைத்துப் பழகிய நம்மவர் இங்கு ஒரு பிழை செய்தல் கூடும். கோழி தன் முட்டைகளை நாள்தோறும் புரட்டும். பாம்பின் முட்டையைப் புரட்டலாகாது. வளரும் கரு முட்டையின் மேற்புறத்தைப் பற்றியிருப்பதால், புரட்டினால் அது மாண்டுபோதலும் உண்டு. இட்டவாறே இருத்தி, மேற்புறத்தில் மெல்லிய அடையாளம் இடுவர்.

இவை யாவற்றினும் முதன்மையானது குறிப்பேடு. எக்குஞ்சு எப்பெற்றோர்க்கு எந்நாளிற் பிறந்தது, எவ்வலகைச் சுமக்கின்றது அல்லது சுமத்தல் கூடும் என்பவற்றை எழுதி வையாதவன் நிறப் பாம்பு வளர்ப்போன் ஆகான். மறைந்திருப்பதைக் கண் காட்டாது, ஏடுதான் காட்டும்.

நெருங்கிய உறவின் விலை

அரிய நிறமொன்றை விரைவிற் பெறும் வழி, தாயை மகனோடும் உடன்பிறந்தவற்றைத் தம்முளும் சேர்த்தலே. வளர்ப்போர் பலர் அவ்வழியையே மேற்கொண்டனர். ஆனால் நிறம் தனியே பயணம் செய்வதில்லை. உடன் மறைந்திருக்கும் வேறு பழுதுகளும் அதே நெருக்கத்தில் ஒன்றையொன்று சந்திக்கும். சோளப் பாம்பின் நிறவழியொன்றில் இத்தகைய குறையொன்று வெளிப்பட்டது. அதனைப் பெற்ற பாம்பு தலையை வானோக்கித் திருப்பி, உடல் நிலை தடுமாறும். வளர்ப்போர் அதற்கு 'விண்மீன் பார்ப்போன்' என்னும் பொருள்படப் பெயரிட்டுள்ளனர். பெயர் அழகியதாயினும் அது நரம்பின் குறை. அதுவும் பின்னிடைவான இயல்பே. நலமுள்ள பெற்றோரிடத்து மறைந்திருந்து குஞ்சில் வெளிப்படுவது. பொறுப்புள்ள வளர்ப்போர் இன்று பரம்பரையலகைச் சோதித்தறிந்த பின்னரே இணை சேர்க்கின்றனர்.

இதே உண்மையை மனிதரிடத்து முதன்முதற் கண்டவர் இலண்டன் நகர வைத்தியர் ஆர்ச்சிபால்ட் கறொட் ஆவர். காற்றுப் பட்டதும் சிறுநீர் கறுக்கும் அரிய நோயொன்றை உடையோரின் பெற்றோர் பலர் தம்முள் மச்சான் மச்சாள் முதலிய நெருங்கிய உறவினராய் இருத்தலை அவர் 1902-இல் எடுத்துக்காட்டினார். நம் தீவுகளில் உரிமைச் சம்பந்தம் பெருவழக்காய் இருந்தமை யாவரும் அறிந்ததே. அதனை இகழ்தல் எம் நோக்கமன்று. கணக்கை மட்டும் கூறுவோம். பாட்டனார் ஒருவர் பழுதான அலகொன்றைச் சுமந்திருப்பின், அவருடைய பேரனும் பேத்தியுமாகிய மச்சானும் மச்சாளும் மணந்து பெறும் பிள்ளை அப்பழுதை இரட்டையாய்ப் பெறும் வாய்ப்பு அறுபத்துநான்கில் ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் நலமே பிறப்பர் என்பதையும், ஒருசில பிள்ளைகள் அவ்வாறு பிறத்தல் கூடும் என்பதையும் இக்கணக்கு ஒருங்கே கூறுகின்றது.

அந்தப் பையன்

2015-இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சோளப் பாம்பின் கருமையின்மைக்கு உரிய பழுது எந்தப் பரம்பரையலகில் உள்ளது என்பதைக் கண்டறிந்தனர். 'ஓசிஏ2' என்பது அவ்வலகின் பெயர். மெலனின் உருவாகும் நுண்பைகளின் உள்நிலையைச் சீராய் வைத்திருக்கும் புரதத்தை ஆக்குவது அதன் தொழில். இடம்விட்டு இடம் தாவவல்ல ஒரு துண்டு அதனுட் புகுந்தமையால் அத்தொழில் கெட்டது. இதே அலகு மனிதரிடத்தும் உண்டு. அதிற் பழுது நேர்ந்து, அப்பழுதை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற பிள்ளை வெண்ணிற மேனியோடும் வெளிறிய மயிரோடும் பிறக்கின்றது. பாம்புக்குச் செம்மை வேறு பொருளால் வருவதால், கருமை நீங்கினும் அது நிறமுள்ளதாய்த் தோன்றுகின்றது. மனிதனுடைய தோலுக்கும் மயிருக்கும் முதன்மையான நிறப்பொருள் மெலனினே ஆதலின், அது நீங்கியதும் வெண்மை வெளிப்படுகின்றது.

எம்மோடு புங்குடுதீவில் ஆரம்ப வகுப்பிற் படித்த பையன் ஒருவன் அத்தகையவன். அவன் மயிர் பனந்தும்பு போல் வெளிறியிருந்தது. வெயிலிற் கண்ணைத் திறக்க மாட்டான். கண்மணிகள் ஓயாது அசையும். பிள்ளைகள் அவனை 'வெள்ளைக்காரன்' என்று அழைத்தோம். 'அழைத்தனர்' என்று எழுதி எம்மை விலக்கிக்கொள்ளல் நேர்மையாகாது. உயரமானவன் என்று அவனைக் கடைசி வாங்கில் இருத்தினர். அங்கிருந்து கரும்பலகையில் எழுதியிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவன் சொல்லவுமில்லை. சொன்னபோது எவரும் கேட்கவுமில்லை. மந்தன் என்று பெயர் பெற்றான். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

அவன் தாயின் நிலை அதனினும் துயரமானது. கருவுற்றிருந்தபோது நாகத்தைக் கண்டு கல்லெறிந்தாள் என்று ஒரு சாராரும், நேர்த்தியைச் செலுத்தத் தவறினாள் என்று மற்றொரு சாராரும் பேசினர். அவற்றினும் இழிந்த பேச்சும் உண்டு. அம்மாது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வாழ்ந்தாள். தந்தையை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரொறன்ரோவில் அம்மூதாட்டியார் நினைவுகூர்ந்தது இவர்களையே. அவர் அக்காலத்தில் அயல் வீட்டில் வாழ்ந்தவர். கிணற்றடிப் பேச்சிலே தாமும் பங்குகொண்டவர் என்பதை அன்று மாலை அவரே கண்கலங்கிக் கூறினார்.

அவர் வினாவுக்கு உரிய விடை இதுதான்: தாயிலே பிழை இல்லை. தந்தையிலும் பிழை இல்லை. இருவரும் சமமாய், தாம் அறியாமலே, தம் முன்னோரிடமிருந்து பெற்ற ஓர் அலகைப் பிள்ளைக்குக் கொடுத்தனர். கொடுத்தது பாதி தாய், பாதி தந்தை. நாகதோஷம் என்று அதனைக் கூறுவோர், தோஷமின்றியே நாகமும் வெண்ணிறமாய்ப் பிறத்தலை நோக்குவார்களாக. 2023-இல் கோயம்புத்தூரிற் பிடிபட்டுக் காட்டில் விடப்பட்ட வெண்ணாகம் ஒன்றைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அது யார் மீது கல்லெறிந்தது?

நம் தீவில் வளர்க்கலாமோ

இதனை வாசிக்கும் மாணவர் சிலர்க்குத் தாமும் நிறப் பாம்பு வளர்க்க ஆசை பிறத்தல் கூடும். அவர்கட்கு நாம் கூறுவது: வேண்டாம். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 முதல் நம் நாட்டில் உள்ளது. 2009-இல் அது மேலும் இறுக்கமாக்கப்பட்டது. நம் காட்டுப் பாம்புகளைப் பிடித்து அடைத்தலும், அனுமதியின்றி அயல்நாட்டுப் பாம்பை இறக்குதலும் குற்றமாகும்.

சட்டத்தினும் வலிய காரணம் ஒன்றுண்டு. நாம் தீவார். கனாரித் தீவுகளுள் ஒன்றாகிய கிரான் கனாரியாவில், வளர்ப்பினின்று தப்பிய கலிபோர்னிய அரசப் பாம்புகள் 1998-இல் முதன்முதற் காணப்பட்டன. அவற்றுட் பல வளர்ப்போர் விரும்பித் தேர்ந்த வெண்ணிறப் பேதத்தன. எதிரி இல்லாத தீவில் அவை பெருகி, அத்தீவுக்கே உரிய பெரும் பல்லியைப் பரந்த பகுதிகளில் ஏறத்தாழ இல்லாதொழித்தன. பிடித்து அகற்ற முயன்றும் இன்றுவரை முடியவில்லை. அழகுக்காகத் தேர்ந்த நிறம் அங்கே அழிவின் நிறமாயிற்று. தாம்போதிகளால் இணைக்கப்பட்டிருப்பினும் புங்குடுதீவு தீவே. குடிபெயர்ந்தோர் விட்டுச் சென்ற வளவுகள் பற்றையாய்க் கிடக்கும் இந்நாளில், தப்பிய பாம்பொன்றுக்கு ஒளிவிடத்துக்குக் குறைவில்லை.

கணக்கைக் கண்ணாற் கண்டு கற்க விரும்புவோர்க்கு வேறு வழியுண்டு. 'லவ் பேட்ஸ்' என்று நம்மவர் கூட்டில் வளர்க்கும் சிறு கிளிகளின் இயல்பான நிறம் பச்சை. அதில் மஞ்சள் நீங்கினால் நீலம். கருமை பெரிதும் குன்றினால் மஞ்சள். இரண்டும் நேர்ந்தால் வெண்மை. நீலம் பின்னிடைவான இயல்பு. பச்சைச் சோடியொன்று நீலக்குஞ்சு பொரித்தால், அச்சோடி இரண்டும் நீலத்தை மறைவாய்ச் சுமந்தவை என்பதை மாணவன் தானே அறிந்துகொள்வான். ஒரு கூடும் ஒரு குறிப்பேடும் இருந்தால், கல்லூரி விஞ்ஞான கூடத்தின் முற்றத்திலேயே மெண்டலின் விதியை மெய்ப்பிக்கலாம்.

இந்த யூபிலி வேளையில் எம் கல்லூரிச் சமூகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வெளிறிய மேனியோடு ஒரு பிள்ளை இனி எவ்வகுப்புக்கு வரினும், அவனை முன்வாங்கில் இருத்துங்கள். பெரிய எழுத்திற் பாடம் கொடுங்கள். தொப்பியும் நிறக் கண்ணாடியும் அணிந்து வர அனுமதியுங்கள். நண்பகல் வெயிலில் அணிவகுத்து நிற்க வையாதீர்கள். அவனுக்குக் குறைந்திருப்பது பார்வையேயன்றி அறிவன்று. எம் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தவனுக்கு நாம் செய்யத் தவறியது இதுவே. அவன் இன்று எங்குளன் என்று அறியோம். அவன் தாயார் மறைந்துவிட்டார் என்று அறிகின்றோம். பேரன் வரைந்த அந்நான்கு கட்டங்களை அவருக்குக் காட்ட முடியாது போயிற்று. இனிவரும் தாய்மார்க்கேனும் அவற்றைக் காட்டுவோமாக.